மணிக்கு நூற்றுப் பத்து

கொட்டாஞ்சேனை,
கொழும்பு,
21-9-1947, ஞாயிறு.

என் அன்பு மச்சான் அழகர் அவர்களுக்கு,

மயிலம்மா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உடம்பு சுகம், வாய் அதைவிடச் சுகம் என்று கூட வேலை செய்கிற ஆறாயி எழுதச் சொன்னாள். அங்கே உங்களை மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். நம் ஆட்களோடு கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவள்தானே, அவளுக்குக் கடல் புதிதல்ல.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சந்துக் கடை விலாசத்துக்கு வந்ததைக் கடைக்காரர் பலீல் நானா கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, லண்டன் காயிதம் வந்திரிக்கி" என்று தெருவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சத்தம் போட்டார். நான் பிரிப்பதற்குள் பாதிச் சந்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அங்கே ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலைதான் கூப்பனுக்குக் கிடைக்கிறது என்று நீங்கள் எழுதியதைத் தேயிலை கட்டுகிற பெஞ்சில் எல்லாருக்கும் சொன்னேன். ஆறாயி நம்பவே இல்லை. நாம் கை ஓயக் கட்டி அனுப்புகிறோமே, அதையெல்லாம் யார் குடிக்கிறார்கள் என்று கேட்டாள். விசாரித்து எழுதுங்கள்.

கம்பளிக் கோட்டு வாங்கியது நல்லது. அதைப் போட்டுக்கொண்டு படம் பிடித்து அனுப்ப வேண்டாம். இங்கே யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும், பிறகு சண்டை வரும்.

இனி முக்கியமான விஷயம். கம்பெனி உங்களைப் பயிற்சிக்கு அங்கே அனுப்பிய அதே ஏற்பாட்டின்படி அங்கிருந்து ஒரு நிபுணர் நம் தேயிலை ஸ்டோருக்கு வந்து சேர்ந்தார். பெயர் கிளேட்டன் துரை. இங்கிருந்து ஆள் போய்ப் படிப்பார், அங்கிருந்து ஆள் வந்து சொல்லிக்கொடுப்பார், இரண்டு தேசத்திலும் வேலை சீராக நடக்கும் என்று கிளாக்கர் பூபாலசிங்கம் எங்களுக்கு விளக்கினார். அவர்தான் துரைக்கு மொழிபெயர்ப்பு. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர், துரை இங்கே இருந்த ஒரு வாரமும் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

கிளேட்டன் துரைக்கு முகமெல்லாம் சிவப்புப் புள்ளி. வேர்வை ஆறாக ஓடுகிறது. ஆனால் மரியாதை தெரிந்த மனுஷர். பெஞ்சைக் கடந்து போகும்போது ஒவ்வொருத்திக்கும் கும்பிடு போட்டார். ஒரு கை மற்றக் கையைவிட உயரமாக இருந்தது, பரவாயில்லை. பதினொரு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் எங்களை யாரும் கும்பிட்டதில்லை.

அவர் எதற்கு வந்தார் என்று உங்களுக்குப் புரிய எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் எட்டு வருஷம் மெஷின் பட்டறையில் இருந்தீர்கள், எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது என்னைப் பெண் பார்த்த அன்று ஒரு நாள்தான். ஒரு பெண் மரக்கட்டை அச்சில் காகிதத்தைச் சுற்றி, அடியை மடித்துப் பசை தடவி, ஈயத்தாளை உள்ளே விட்டு, தேயிலையை அள்ளிக் கால் றாத்தல் நிறுத்துக் கொட்டி, தட்டி, தலையை மடித்து, லேபல் ஒட்டித் தட்டில் அடுக்க வேண்டும். அத்தனையும் நின்றபடி, ஒருத்தியே. நிதானமாகச் செய்தால் மணிக்கு எழுபது தேயிலைப் பக்கெட் வரும். சாயங்காலம் கங்காணி எண்ண வருவதற்கு முன் கை வேகமானவள் தன் தட்டிலிருந்து நாலைந்தை எடுத்துக் குறைந்தவளின் தட்டில் வைப்பாள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. சீனியம்மாவுக்கு நாலு மாதக் கைக்குழந்தை. காலையும் பிற்பகலும் ஒரு தடவை பின்சந்துக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு வருவாள். அவள் தட்டு எங்கள் தட்டோடு சமமாகத்தான் இருக்கும்.

துரை கையில் ஒரு கடிகாரம், முள்ளை நினைத்த நேரத்தில் நிறுத்தலாம். அதை வைத்து ஒரு மணி நேரம் ஒருத்தியின் வேலையைப் பார்க்க வேண்டுமாம். என்னைத் தேர்ந்தெடுத்தார். புருஷன் அங்கே, பெண்சாதி இங்கே, பொருத்தமாக இருக்கும் என்றாராம். பூபாலசிங்கம் ஐயா எங்களைப் பார்த்து, "வழமையாச் செய்யிற மாதிரியே செய்யுங்கோ, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார்.

விருந்தாளி வந்திருக்கும்போது வழமையான குழம்பா வைப்போம்? நான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அவர்கள் ஊரில் விருந்தாளி, இவர் நம் ஊரில் விருந்தாளி, நம் கை எப்படிப்பட்ட கை என்று பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். முதல் நாளே ஆறாயியும் மற்றவர்களும் நூற்றுக்கு மேல் காகிதக் கூடு செய்து பெஞ்சுக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்தார்கள். நான் நிறுத்துக் கொட்டினால் போதும். வலது பக்கம் நின்ற சீனியம்மா தலையை மடித்து லேபலை ஒட்டித் தட்டில் வைத்தாள். அவளைத் தட்டு எடுத்து வைக்கிற ஆள் என்று துரை நினைத்திருப்பார். அவர் எங்கள் கையைப் பார்த்ததைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தார். சந்தில் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எல்லா வீட்டுக் கதிரையும் தட்டும் அந்த வீட்டுக்குப் போகுமே, அது மாதிரிதான் செய்தோம்.

ஒரு மணி நேரத்தில் நூற்றுப் பத்து. துரை தலையை ஆட்டி ஆட்டிக் கணக்கை மறுபடி பார்த்தார். எனக்கு நன்றி சொன்னார். உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் மச்சான். அங்கே யாராவது உங்களை மட்டமாகப் பேசினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மழையில் நனையாதீர்கள். மாரியம்மன் துணை.

உங்கள் அன்பு மனைவி,
மயிலம்மா.


கொட்டாஞ்சேனை,
23-11-1947, ஞாயிறு.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மயிலம்மா வணக்கம். சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து வந்தது. பலகாரம் செய்யவில்லை. ஏன் என்று கடிதத்தை முழுவதும் படித்தால் தெரியும். கோபப்படாமல் படியுங்கள், அல்லது கோபப்பட்டுக்கொண்டே படியுங்கள், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

கிளேட்டன் துரை போன பிறகு பெஞ்சுக்கு மேலே ஒரு பலகை மாட்டினார்கள். அதில் வெள்ளைச் சுண்ணாம்பில் 110 என்று எழுதியிருக்கிறது. இனி எல்லாருக்கும் மணிக்கு நூற்றுப் பத்து. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெயர்ச்சீட்டு. ஒருத்தியின் பக்கெட்டை இன்னொருத்தியின் தட்டில் வைத்தால் இரண்டு பேருக்கும் அன்றைய வேலை இல்லை. கங்காணி பெஞ்சின் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூடக் கை தூக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

நான் எண்பது வரை போனேன். அதற்கு மேல் போனால் நிறை தவறுகிறது, பக்கெட் திரும்பி வருகிறது. என்னாலேயே என் எண்ணைத் தொட முடியவில்லை. அது எங்களை ஏமாற்றி வாங்கிய எண் அல்ல. நாங்களே எடுத்துக் கொடுத்தது. நான்தான் கூட்டம் கூட்டிச் சொன்னேன். நான்தான் விருந்து வைத்தேன்.

சீனியம்மாவின் நிலைமை மோசம். பால் கொடுக்கப் போய்வந்தால் அவள் தட்டில் அந்த மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்துதான். போகாமல் நின்றால் சட்டை நனைகிறது. "அக்கா, புள்ள அழுவுறது இங்க நிக்கும்போதே எனக்குக் கேக்குது" என்கிறாள். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்காது, ஆனால் அவளுக்குக் கேட்கிறது. தை மாதக் கடைசிக்குள் நூற்றுப் பத்துக்கு வராவிட்டால் அவள் வரவேண்டியதில்லை என்று சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் துறைமுகத்தில் கால் நசுங்கி வீட்டில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். என் நூற்றுப் பத்தில் பாதி அவள் கை. அவள் மடித்த பக்கெட்டே அவளை வெளியே தள்ளுகிறது.

நான் ஸ்டோரை நடத்துகிற பெரிய துரையிடம் போய்ச் சொன்னேன். பூபாலசிங்கம் ஐயாவை வைத்துக்கொண்டு, அது ஒருத்தி செய்த வேலை இல்லை என்றேன். ஐயா அதை எப்படிச் சொன்னாரோ, துரை ஒரு தாளை எடுத்துக் காட்டி, உன் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, நிபுணரின் கையெழுத்தும் இருக்கிறது என்றார். அதோடு கதவைக் காட்டினார்.

இந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அங்கே கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள் என்றும், உங்களை எழுப்பி நிறுத்தினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வந்ததும் உங்களைப் பயிற்சி மாஸ்டராக வைத்து, அதே மாதிரி ஒரு கடிகாரமும் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, வரி எல்லாம் மேலே ஏறிப் போகிறது. அடுத்த வரியில், கொழும்பு எண்ணைக் கல்கத்தா ஸ்டோருக்கும் ஆப்பிரிக்காவில் மொம்பாசா ஸ்டோருக்கும் அனுப்பிவிட்டார்கள், இனி எல்லா இடத்திலும் அதுதான் அளவு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மொம்பாசா எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே ஒருத்தி நின்றுகொண்டு என் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பாள். கொழும்பில் எவளோ ஒரு பேய் மாதிரி வேலை செய்கிறாள் என்று நினைப்பாள். அவள் திட்டுவது சரி.

எல்லாத் தேசமும் சேர்ந்து ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அங்கே மெஷினைப் பிரித்துப் பூட்டக் கற்றது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் போவதும் வருவதும் உண்மையாக இருக்க வேண்டாமா? நாங்கள் ஒரு பொய்யைக் கட்டி லேபல் ஒட்டி அனுப்பினோம், அது உலகம் சுற்றுகிறது. அனுப்பியவள் நான், அதனால் திருப்பி எடுக்கிறவளும் நான்தான். யார் தடுத்தாலும் எடுப்பேன்.

உங்களிடம் ஒரு வேலை சொல்கிறேன். அங்கே மெஷின் கட்ட முடியாத சில்லறை அளவுகளைப் பெண்கள் ஒரு மேசையில் கையால் கட்டுகிறார்கள் என்று முன்பு எழுதினீர்களே. அவர்கள் மணிக்கு எத்தனை கட்டுகிறார்கள்? நின்றா, உட்கார்ந்தா? நடுவில் ஓய்வு உண்டா? பார்த்து உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். இது மாஸ்டர் வேலைக்குக் கெடுதல் என்று நினைப்பீர்கள். கெடுதல்தான். தெரிந்துதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனி விழுகிறது என்று பேப்பரில் போட்டிருப்பதாகப் பலீல் நானா சொன்னார்.

மயிலம்மா.


கொட்டாஞ்சேனை,
11-1-1948, ஞாயிறு.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

மயிலம்மா வணக்கம். புதன்கிழமை தைப்பொங்கல். அடுத்த மாதம் நாலாம் தேதி சுதந்திரமாம். புறக்கோட்டையில் இப்போதே கடைக்குக் கடை கொடித்துணி தொங்குகிறது. கொடி மாறியதும் எல்லாம் சரியாகும், அதுவரை பொறுங்கள் என்று கங்காணி எங்களுக்குப் புத்தி சொன்னார். "கொடி மாறினா பலகையில உள்ள நம்பரு மாறுமா?" என்று ஆறாயி கேட்டாள்.

உங்கள் பதில் வந்தது. நான்கு பக்கமும் படித்தேன். ஊரில் ஒருத்தருக்கும் கிடைக்காத வாய்ப்பை நான் உதைத்துத் தள்ளுகிறேன் என்றும், பெண்சாதி பொய் சொன்னாள் என்று அத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்றும், பேசாமல் இருந்திருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் நியாயம். பேசாமல் இருக்கிற பெண் வேண்டுமென்றால் பெண் பார்க்க வந்த அன்றே எழுந்து போயிருக்க வேண்டும். அன்றைக்கும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், கையெழுத்துக்கும் கீழே, பென்சிலால் ஒரு வரி இருந்தது. "எழுபத்திரண்டு. முதுகு சாயும் கதிரை. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணி, பத்து நிமிஷம்." கோபத்தை மையிலும் உண்மையைப் பென்சிலிலும் எழுதுகிற மனுஷர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் வரும், அதனால் சொல்லவில்லை.

பெஞ்சில் எல்லாரிடமும் அதைச் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலை கிடைக்கிற ஊரில் வேலை நடுவில் இரண்டு தடவை தேத்தண்ணி கொடுக்கிறார்கள், தேயிலை மலை மாதிரிக் குவிந்திருக்கிற இந்த ஸ்டோரில் எங்களுக்கு ஒரு சொட்டு இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் துணிவு வந்தது.

போன மாதக் கடைசி ஞாயிறு புறக்கோட்டைக்கு நடந்து போய், காலி வீதி பஸ் பிடித்து, வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். பெரிய துரைக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்கு இன்னும் ஆறு வருசம் சேர்விஸ் கிடக்குப் பிள்ளை, என்னை மாட்டி விடாதையும்" என்றார். உள்ளே இருந்து அவருடைய மனைவி வந்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முழுக் கதையையும் கேட்டார். பிறகு காகிதமும் பேனாவும் எடுத்துவந்து புருஷனுக்கு முன்னால் வைத்து, "அண்டைக்கு அந்தத் துரைக்கு நீங்கள்தானே கதை சொன்னனீங்கள், மிச்சத்தையும் சொல்லி முடியுங்கோ" என்றார். ஐயா எழுதினார். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று மூன்று தடவை சத்தியம் வாங்கினார். எழுதத் தொடங்கிய பிறகு அவருக்கே சூடு ஏறிவிட்டது போல, நான் சொல்லாத இரண்டு வரியையும் சேர்த்து எழுதினார்.

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. பிறகு பதினேழு பேர், சிலருக்குக் கையெழுத்து, சிலருக்குப் பெருவிரல். சீனியம்மாவை வேண்டாம் என்றேன், அவளுக்கு ஏற்கெனவே சீட்டுக் கொடுத்திருக்கிறார்களே என்று. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, விரலை மையில் அமுக்கி, என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே வைத்தாள்.

போன திங்கட்கிழமை பத்து மணிக்கு மனுவைக் கங்காணி கையில் கொடுத்துவிட்டு, அச்சுக் கட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு நின்றோம். சத்தம் போடவில்லை, வெளியே போகவில்லை, நின்றோம், அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குப் பெரிய துரை வந்தார். மனு அவர் கையில் இருந்தது. பூபாலசிங்கம் ஐயா அவர் பின்னால், வாழ்க்கையில் அந்த மனுவைப் பார்க்காதவர் மாதிரி. கம்பெனியை ஏமாற்றினீர்களா என்று துரை கேட்டார்.

ஆமாம், ஏமாற்றினோம் என்றேன். ஒரே ஒரு மணி நேரம், விருந்தாளி மனம் குளிர வேண்டும் என்று. அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக நீங்கள் எங்களை வாட்டுகிறீர்கள். இப்போது நானே சொல்கிறேன், அது பொய். வேண்டுமானால் எனக்குச் சீட்டுக் கொடுங்கள், ஆனால் சீட்டுக் கொடுக்கும் முன் மறுபடி நேரம் பாருங்கள், இந்தத் தடவை என் இரண்டு கை மட்டும் என்றேன். ஐயா அதை மொழிபெயர்த்தார். ஒரு வார்த்தையையும் விடவில்லை, எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார். நான் தனியாகச் செய்தேன். காகிதம் நானே சுற்றினேன், லேபல் நானே ஒட்டினேன். தூசி ஏறி இருமல் வந்தது, இருமினேன். தாகம் எடுத்தது, கை தூக்காமல் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. கண்ணெதிரில் துரை நிற்கும்போது கை தானாக வேகம் பிடிக்கப் பார்க்கிறது மச்சான், அதைப் பிடித்து வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் அறுபத்தொன்பது.

லண்டனில் உங்கள் கம்பெனிப் பெண்கள் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு தடவை தேத்தண்ணி குடித்து, எழுபத்திரண்டு கட்டுகிறார்கள் என்று அப்போது சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும், லண்டனில் எனக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் கேட்கிற மன்னிப்பு இது ஒன்றுதான்.

மறுநாள் ஐயா மூலம் முடிவு வந்தது. கிளேட்டன் துரை இப்போது கல்கத்தாவில் இருக்கிறார், அவர் எழுதியதை இங்கே யாரும் அழிக்க முடியாது. ஆனால் அவருடைய முறையையே லண்டனில் படித்துவிட்டு வருகிற பயிற்சி மாஸ்டர் மறுபடி நேரம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தாளை லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் மொம்பாசாவுக்கும் அனுப்புவார்கள். அதுவரை சீனியம்மாவை நிறுத்த மாட்டார்கள். பலகையும் இறங்காது.

அந்த மாஸ்டர் நீங்கள்.

எண் இறங்கினால், பயிற்சியால் லாபம் இல்லை என்று ஆகிவிடும், பிறகு பயிற்சி மாஸ்டர் எதற்கு என்று கேட்பார்கள் என்று ஐயா என்னிடம் மெல்லச் சொன்னார். நீங்கள் திரும்பப் பட்டறைக்கே போக வேண்டி வரலாம். எண் நூற்றுப் பத்தாகவே நின்றால் உங்களுக்குத் தனி அறை, கதவில் பெயர். இதை மறைத்து உங்களிடம் உதவி கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் முழுவதும் எழுதிவிட்டேன். இனி உங்கள் பாடு.

உங்கள் கப்பல் பெப்ரவரி பதினாறாம் தேதி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று திங்கட்கிழமை. துறைமுகத்துக்கு நான் வரமாட்டேன். ஆறு மாதம் கழித்து வருகிற புருஷனைப் பார்க்க வராமல் அப்படி என்ன வீம்பு என்று சந்தே பேசும், பேசட்டும். லீவு எடுத்தால் என் இடத்தில் வேறு ஆளை நிறுத்தி, அவள் எண்ணை எழுதிவிடுவார்கள். பலீல் நானா வண்டி கொண்டுவந்து உங்களை அழைத்துக்கொள்வார். நான் பெஞ்சில் நிற்பேன்.

நேரம் பார்க்க வரும்போது என்னைத்தான் முதலில் பாருங்கள். பெண்சாதி என்று ஒரு பக்கெட் கூட்ட வேண்டாம், மாஸ்டர் ஆகவேண்டும் என்று ஒரு பக்கெட் கூட்ட வேண்டாம். பிறகு சீனியம்மாவைப் பாருங்கள், அவள் பால் கொடுக்கப் போய்வருகிற நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதுவும் வேலை நாளில் ஒரு பகுதிதான். கண்ணில் பட்டதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

எழுதினால் அன்று சாயங்காலம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஸ்டோர் வாசலைத் தாண்டி வீட்டுக்கு நடந்து வருவோம். உங்களால் எழுத முடியாமல் போனாலும் வீட்டுக்கு வாருங்கள். கோபித்துக்கொண்டு வேறு எங்கும் தங்க வேண்டாம். உங்களுக்குப் பிடித்த நெத்தலிக் குழம்பு வைத்திருப்பேன், சோறு போடுவேன், பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். ஆனால் மறுநாள் காலையில் மாஸ்டர் ஸ்டோர் வாசலுக்கு வரும்போது, உள்ளே போகாமல் வெளியே நிற்கிற பதினெட்டுப் பெண்களில் முதல் ஆளாக நான் நிற்பேன். என்னைத் தாண்டித்தான் நீங்கள் உள்ளே போகவேண்டி வரும்.

கடல் அமைதியாக இருக்கட்டும். உங்களுக்கு ஒரு குறையும் வராமல் மாரியம்மன் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வாருங்கள் மச்சான்.

உங்கள்,
மயிலம்மா.